பஞ்சு ஒட்டாத விண்டர்

முந்தாநாள் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. யூகேஜி படிக்கிற என் மகளின் ஒர்க்‌ஷீட். நடுவில் ஒரு மரம், சுற்றி நாலு கட்டம். ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர். விண்டர் கட்டத்தில் அவள் குடை வரைந்தாள், தவளை வரைந்தாள், கோடு கோடாக மழை வரைந்தாள், மூலையில் ஓர் அகல் விளக்கும் வைத்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. கீழே "நோ ஸ்னோ, ரீடூ."

அந்தத் தாள் வீட்டுக்கு வந்த நாள்தான் வேடிக்கை. கலெக்டர் விட்ட இரண்டு நாள் மழை லீவு முடிந்து பள்ளி திறந்த நாள் அது. கேட்டருகே கணுக்கால் அளவு தண்ணீர். பிள்ளையை இடுப்பிலும் பையைத் தலையிலும் சுமந்து வீடு வந்து, பையைத் திறந்து பார்த்தால் மழை தப்பாம்.

நான் கேட்டது ஒன்றுதான். குழந்தை கண்ணால் பார்த்ததை வரைந்தால் அது எப்படித் தப்பாகும்? இதற்கு நூற்றுக்கும் மேல் கமெண்ட். கேள்விக்குப் பதில் சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் எனக்கு வளர்ப்பு முறை சொல்லிக் கொடுத்தார்கள். நன்றி.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் கட்டத்தில் அவள் ஒரு பெண் ஆடுவதுபோல வரைந்திருந்தாள். கேட்டால், "ஆட்டம்தானேம்மா?" என்கிறாள். அதற்குப் போட்ட தப்புக் குறியில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாவாடை சுற்றுகிற மாதிரி அவ்வளவு அழகாக ஒரு பெண்ணை ஆடவிட்டவளுக்கு, அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் இலையுதிர் காலம் என்று வேறு ஒரு பொருள் இருக்கிறது என்று காட்ட இந்தச் சென்னையில் நாம் எதைக் காட்டியிருக்கிறோம்?

"பிள்ளை உலகத்தைத் தெரிஞ்சுக்க வேண்டாமா, நாளைக்கே கனடா போனா?" என்று ஒருவர். போகட்டும் சார், ஐந்து வயதில் பாஸ்போர்ட் கூட எடுக்கவில்லை. டொராண்டோவில் இருக்கும் என் சித்தி மகனிடமே கேட்டேன். அவன் மகள் வகுப்பில் அக்டோபரில் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்களாம். உதிர்ந்த மேப்பிள் இலைகளைப் பொறுக்கி வந்து, தாளுக்கு அடியில் வைத்து, மேலே கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு நரம்பாக இலை எழுந்து வருகிறது. பனி விழுந்த பிறகுதான் பனி மனிதன். அந்தப் பிள்ளை பார்த்ததைத்தான் வரைகிறது. அதையேதான் நானும் கேட்கிறேன். கனடாவில் செய்வதைச் செய்யுங்கள் என்றால், அங்கே வரையும் படத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறோம். அவர்கள் வெளியே போய்ப் பார்க்கிறார்களே, அது மட்டும் நமக்கு வேண்டாம்.

இலை உதிர்வது நம் ஊரிலும் உண்டு. எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு வாதாமரம் இருக்கிறது. மாசி வாக்கில் அதன் இலைகள் மருதாணி வைத்த உள்ளங்கை மாதிரி சிவந்து, பட்டென்று விழும். கார் கண்ணாடியில் விழுகிறது என்று அதை வெட்டச் சொல்லி அசோசியேஷனில் மனு கொடுத்தவர்களே தங்கள் பிள்ளைக்கு ஆரஞ்சு தாளில் இலை கத்தரித்து ஒட்டிக் கொடுக்கிறார்கள். போன மாசியில் நானும் மகளும் பதினேழு இலை பொறுக்கினோம். அதே கிரேயான் வேலைதான். மேப்பிளுக்கு இளைத்ததில்லை வாதா.

இன்னொருவர் அறிவியல் பேசினார். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால் பருவங்கள் நாலு, இதில் உங்கள் ஊர் எங்கள் ஊர் என்ன என்று. சாய்வு சரி. ஆனால் சென்னை இருப்பது வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் ஒரு முறை, சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேல் வந்து போகிறது. நாலு பருவம் கச்சிதமாகப் பிரிகிற லண்டனில் அது ஒரு நாளும் நடக்காது. நமக்குப் பருவத்தைத் திருப்பிப் போடுவது காற்று. ஜூனில் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று அக்டோபரில் திசை மாறி வடகிழக்கிலிருந்து வருகிறது. சென்னைக்கு ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அந்த அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான். 2015 டிசம்பரில் இந்த ஊரில் இருந்தவர்களிடம் போய் விண்டரில் மழை தப்பு என்று சொல்லிப் பாருங்கள். நாலுதான் வேண்டுமென்றால் இந்திய வானிலைத் துறையே நாலு வைத்திருக்கிறது: ஜனவரி பிப்ரவரி குளிர், மார்ச் முதல் மே வரை வெயில், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்புறம் டிசம்பர் முடிய வடகிழக்கு. அதில் ஸ்னோமேன் இல்லை. சாரி.

இந்தக் கோபம் எனக்குப் புதிதில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறாவது படிக்கும்போது சீசன்ஸ் என்று ஒரு ஆங்கிலக் கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆட்டம் வந்தால் இலையெல்லாம் பொன்னாகும், விண்டரில் வயலைப் பனி மூடும் என்று திண்ணையில் ஆடி ஆடி ஒப்பித்தேன். வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா பொருளைக் கேட்டார். சொன்னேன். "இது எந்த ஊரு பாப்பா? அங்க தண்ணி எப்ப தொறப்பாங்க?" என்றார்.

நான் சிரித்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று சிரித்தேன்.

அவருடைய வருடம் தொடங்குவது மேட்டூரில். ஜூன் 12 அணை திறந்தால், வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் எங்கள் ஊருக்கு எந்த நாளில் வரும் என்று விரல் விட்டுச் சொல்வார். குறுவை, ஆடிப்பெருக்கு, சம்பா நாற்று. ஐப்பசி வந்தால் தூக்கம் கெடும், கதிர் வருவதற்குள் பயிர் மூழ்குமோ என்று. தையில் அறுப்பு. அறுத்த வயலின் ஈரத்தில் உளுந்து. சித்திரையில் கால் விரல் நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும் மண். அந்த வெடிப்பை நான் ஒரு நாளும் வரைந்ததில்லை. வரைய வேண்டிய விஷயம் என்று தோன்றியதே இல்லை. கட்டுரைக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். "டீச்சரை இப்படிப் பொதுவெளியில் அவமானப்படுத்தலாமா அக்கா?" என்று கேட்ட தங்கைக்கு. கையெழுத்தை மறைத்துத்தான் படம் போட்டேன். பள்ளியின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வந்த யாருக்கும் சொல்லவில்லை. அந்த ஆசிரியைக்கு என்ன சம்பளம் என்று எனக்குத் தெரியும், முப்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு அவர் ஒர்க்‌ஷீட் திருத்துகிறார் என்பதும் தெரியும். புத்தகத்தில் ஸ்னோ என்று இருக்கிறது, அவர் ஸ்னோ கேட்கிறார். 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, மூன்று முதல் எட்டு வயதுவரை குழந்தையின் சுற்றுப்புறத்திலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறது. ஒர்க்‌ஷீட் அச்சடிக்கிறவர் அதைப் படிக்கவில்லை என்றால் டீச்சர் என்ன செய்வார்? இதையெல்லாம் அந்தப் பதிவிலேயே எழுதியிருந்தேன். யாரும் கடைசிவரை படிக்கவில்லை. படத்தைப் பார்த்தீர்கள், பாய்ந்தீர்கள். ஒருவர் "இப்படிப்பட்ட அம்மாக்களால்தான் நல்ல டீச்சர்கள் வேலையை விடுகிறார்கள்" என்றார். நான்கு வருடம் டியூஷன் எடுத்தவள் நான். அது வலித்தது, சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, "ஆறு பருவம்னு பழம்பெருமை பேச ஆரம்பிச்சுட்டாங்க" என்கிற கூட்டம். என் பதிவில் ஆறு என்ற எண்ணே இல்லை. இப்போது சொன்னதற்காகவே சொல்கிறேன்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் பெருமை என்ன இருக்கிறது? பனிக்கே முன், பின் என்று பிரித்துப் பார்த்த கண் யாருடையதோ, அதைக் கொஞ்சம் கடன் வாங்கலாம் என்கிறேன், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கத்து நூங்கர் மக்களும் ஆறுதான் வைத்திருக்கிறார்கள், அவர்களிடமும் போய்ப் பழம்பெருமை என்று சொல்வீர்களா? நாலுதான் உங்களுக்கு ராசி என்றால் காற்றுக்கு நாலு இருக்கிறது. வடக்கே இருந்து வாடை, தெற்கே இருந்து தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. மொட்டை மாடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் பிள்ளையை நிற்க வைத்தால் பாடம் முடிந்தது.

பெரிதாகப் பேசுகிறேனே தவிர, இந்த வரிசையை மகளுக்குச் சொல்லப் போனபோது எனக்கே எந்த மாதம் எதற்கு என்று குழம்பியது. மார்கழி தை முன்பனியா பின்பனியா என்று ஃபோனில் தேடித்தான் உறுதி செய்துகொண்டேன். ஏசி அறையில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வாடை எங்கே தெரியப் போகிறது. யாராவது சுட்டிக்காட்டுவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் என் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. மழை லீவில் பால்கனியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தூறல், சாரல், அடைமழை என்று மூன்று சொல்தான் கொடுத்தேன். நாலாவதை அவளே வைத்தாள், டொப்பு மழை. மழை நின்ற பிறகு சன்ஷேடிலிருந்து சொட்டுவதற்கு அந்தப் பெயர். கிரேயானில் குடை வரைந்து, மேலே நீல வாட்டர் கலர் பூசி, அந்தத் தாளைத் தூறலில் நீட்டினோம். நீலம் கரைந்து ஓடியது, குடை அப்படியே நின்றது. "குடை நனையல!" என்று குதித்தாள். அந்தக் குடையைத்தான் மறுநாள் ஒர்க்‌ஷீட்டில் வரைந்தாள். அந்தக் குடைக்குத்தான் பெருக்கல் குறி.

ரீடூ திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். "போராட்டத்தை நீ பண்ணு, பிள்ளைக்கு ஸ்டாரைக் குறைக்காதே" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதுவும் ஒரு நியாயம்தான் போலிருக்கிறது. நேற்று இரவு மெடிக்கலில் ஒரு ரோல் பஞ்சு வாங்கி வந்தேன். கறுப்புச் சார்ட்டில் வட்டமாகப் பசை தடவி, பிய்த்துப் பிய்த்து ஸ்னோமேனை ஒட்டினோம். காலையில் எடுத்துப் பார்த்தால் தலை மட்டும் தனியாகக் கீழே கிடக்கிறது. வெளியே விடாமல் பெய்துகொண்டிருக்கிறது, இந்த ஈரத்தில் பசை காயவே இல்லை. ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.