மொழித்துறைகள் மூடப்படுவது விதியல்ல
“அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிறமொழி படிக்க ஆளில்லை, துறைகளை மூடுவதே முறை” என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். அமெரிக்காவின் மொழி, இலக்கிய ஆசிரியர்கள் அமைப்பான நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்புப்படி 2016 முதல் 2021 வரை பிறமொழி வகுப்புகளில் மொத்தச் சேர்க்கை 16.6 விழுக்காடு சரிந்தது. ஆனால் அதே காலத்தில் கொரிய மொழிக்கான சேர்க்கை 38.3 விழுக்காடு உயர்ந்தது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 1987இல் ஜெர்மன் துறையினர், பொறியியல் புலத்தலைவரின் துணையோடு, ஐந்தாண்டுகளில் ஜெர்மன், பொறியியல் என இரு பட்டங்கள் பெறும் திட்டத்தைத் தொடங்கினர். அதில் சேர்வோர் ஓராண்டு ஜெர்மனிக்குச் சென்று, படிப்போடு நிறுவனப் பயிற்சியும் பெறுகிறார்கள். இதனால் ஜெர்மன் துறைக்கு நிர்வாகத்தில் உறுதியான ஆதரவு கிடைத்தது. துறையை மூடலாமா என்று பார்க்கும்போது, மொழியை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களை மட்டும் எண்ணினால், அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் செவிலியர் படிப்பு, வணிகவியல் மாணவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அந்த முழுக் கணக்கைத் துறைத்தலைவர்கள் ஒவ்வோராண்டும் நிர்வாகத்திடம் எழுத்தில் தர வேண்டும்.