நடுக்கம் எல்லாம் காய்ச்சல் அல்ல

குளிர் நடுக்கம் எதுவானாலும் பாராசிட்டமால் போட்டால் போதும் என்று ஒரு கருத்து இருக்கிறது. அது சரியல்ல. பாராசிட்டமால் வெப்பத்தை இறக்கும், காரணத்தைத் தொடாது. மலேரியாவுக்கு மலேரியா மருந்துதான் வேண்டும். அதை ரத்தப் பரிசோதனையில்தான் உறுதிசெய்ய முடியும்.

காய்ச்சல் இல்லாமலும் நடுங்கும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால் உடல் நடுங்கி வியர்க்கும். அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே குளுக்கோஸ் தர வேண்டும், நினைவு தப்பினால் ஆம்புலன்ஸ். இங்கே மாத்திரை போட்டுக் காத்திருப்பது ஆபத்து என்பதால்தான் எழுதுகிறேன்.

யாரும் சரிபார்க்கலாம். தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால் காய்ச்சல். இல்லையென்றால், சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோமீட்டரில் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே (mg/dL) என்றால் சர்க்கரை குறைந்திருக்கிறது. பாராசிட்டமால் மாத்திரையுடன் வரும் தாளையும் படியுங்கள். எதற்கான மருந்து என்ற இடத்தில் வலி, காய்ச்சல் என்றுதான் இருக்கும்.