விலைச்சீட்டில் ஏறாத கணக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காணொளியும் ஒரு சுற்று வந்துவிட்டது. மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றதற்கு, ஏழை வயிற்றில் அடிக்கும் வசதியானவன் என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது. கைதட்டலும் பலமாகவே இருந்தது. மகிழ்ச்சி.

சந்தையை இழுத்து மூடுமாறு நான் கேட்கவில்லை. விலை உண்மையைச் சொல்லட்டும் என்றேன். கழிவை ஆற்றில் விட்டுவிட்டு ஓர் ஆலை பொருளை மலிவாக விற்கிறதென்றால், மீதிப் பணத்தைக் கீழ்க்கரையில் இருப்பவர் குடிநீருக்கும் மருந்துக்குமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920-லேயே இதை விளக்கி, வரியைத் தீர்வாகச் சொன்னார். அவரும் வளர்ச்சியின் எதிரிதான் போலும்.

வரி போட்டால் பொருளாதாரம் படுத்துவிடும் என்பார்கள். எரிபொருள் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கான கரிம வரியைச் சுவீடன் 1991 முதல் வசூலிக்கிறது. உமிழ்வு குறைந்தது, பொருளாதாரம் வளர்ந்தது. இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமையில்லை. ஏழைகளைப் பற்றிய கேள்வி மட்டும் நியாயமானது. 2018-இல் எரிபொருள் வரியை எதிர்த்துப் பிரான்சின் மஞ்சள் அங்கியினர் தெருவில் இறங்கியது காரணமில்லாமல் அல்ல. ஆனால் சுவிட்சர்லாந்து 2008 முதல் வசூலிக்கும் கரிமத் தீர்வையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்பிப் போகிறது. மக்களின் பங்கை மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் தலைக்கு இவ்வளவு எனக் கழித்துவிடுகிறார்கள். குறைவாக எரிப்பவருக்கு அதில் ஆதாயம். இதைச் சொல்ல நான் வாயெடுத்தபோதுதான் ஒலிவாங்கி கைமாறியது.

வசதியானவன் என்றார்களே, என் தந்தை முலாம் பூசும் தொட்டிகளின் ஓரத்தில், அமிலப் புகைக்கு நடுவே 22 ஆண்டுகள் நின்றவர். அவருடைய சட்டைக் கைகளில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் இருக்கும். தைத்துத் தைத்து அலுத்துப்போய் அம்மா ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். கடைசி ஆண்டுகளில் இரவெல்லாம் நெபுலைசரின் இரைச்சலில்தான் நாங்கள் தூங்கினோம். அந்த மருத்துவச் செலவும் நாட்டின் மொத்த உற்பத்தியில் வளர்ச்சியாகச் சேர்ந்திருக்கும். தேசிய வருமானக் கணக்கீட்டுக்கு அடித்தளமிட்ட சைமன் குஸ்நெட்ஸே, அதை வைத்து மக்களின் நலனை அளந்துவிட முடியாது என்று 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்திருந்தார்.

அந்த ஆலைதானே சோறு போட்டது என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஆம், அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். தொட்டிக்கு மேலே புகையை இழுக்கும் ஒரு விசிறியைக் கேட்டபோது, அந்தச் செலவையும் சேர்த்தால் சரக்கு விலைபோகாது என்று முதலாளி சொன்னாராம். அப்பா கடைசிவரை அதை நம்பினார்.