பிள்ளைகளாகியும் கூலிக்காரர் மனதோடு

"நான் யார்?" என்று கேட்டு வரும் இளம் விசுவாசிகளின் கையில் நாம் பெரும்பாலும் ஒரு வேதவசனப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறோம். நான் ஜெயங்கொண்டவன், நான் ராஜரீகமான ஆசாரியக்கூட்டம், நான் புதுசிருஷ்டி. தினமும் காலையில் அறிக்கையிடு என்று சொல்லி அனுப்புகிறோம். வசனங்கள் அத்தனையும் உண்மை. ஆனாலும் கொஞ்ச நாளில் அது வெறும் வாய்ப்பாடாகிவிடுகிறது. ஏனென்றால் ஒவ்வொரு வரியும் "நான்" என்று தொடங்கி என்னிடமே வந்து முடிகிறது. கொடுத்தவர் யார், எதனால் கொடுத்தார் என்ற பாதி விடுபட்டுப்போகிறது. அந்தப் பாதி போய்விட்டால் மிஞ்சுவது தன்னம்பிக்கைப் பயிற்சிதான்.

எகிப்தின் ராஜாவாகிய பார்வோனிடம் போகும்படி கர்த்தர் சொன்னபோது மோசே "நான் எம்மாத்திரம்" என்றான் (யாத்திராகமம் 3:11). நாமாக இருந்தால், "நீ அரண்மனையில் வளர்ந்தவனாச்சே" என்று தட்டிக்கொடுத்திருப்போம். கர்த்தர் அந்தப் பக்கமே போகவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்றார். மோசே கேட்டது தன்னைப் பற்றி. அவனுக்குக் கிடைத்த பதிலோ அவரைப் பற்றியது.

பட்டியலுக்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் 1:3 முதல் 14 வரை கையால் எழுதுங்கள். கிரேக்கத்தில் இது ஒரே நீண்ட வாக்கியம். எழுதி முடித்ததும் வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றையும் செய்தவர் யார் என்று பக்கத்தில் குறியுங்கள். ஆசீர்வதித்தவர், தெரிந்துகொண்டவர், முன்குறித்தவர், முத்திரை போட்டவர் எல்லாம் தேவனே. நம் பங்குக்கு வருவது கேட்டதும், விசுவாசித்ததும், நம்பியதும்தான். அப்புறம் "அவருக்குள்", "கிறிஸ்துவுக்குள்" என்று வரும் இடங்களை வட்டமிடுங்கள். தாள் நிறைந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு வினைச்சொல் போதும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பவருக்கு ஒன்றும் தங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்களில் "இதைச் செய்" என்ற கட்டளையைத் தேடினால் கிடைப்பது, "நினைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒன்றுதான். "திருடுகிறவன் இனித் திருடாமல்" என்பதெல்லாம் 4-ம் அதிகாரத்திலிருந்து, அதைத் தொடங்கும் "ஆதலால்" என்ற சொல்லைத் தாண்டித்தான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஒழுங்காக நடந்தால்தான் பிள்ளை என்று போதிக்கும்போது, விழுந்த அன்றே ஜெபம் நின்றுபோகிறது. மறுபடி முகத்தைக் காட்ட வெட்கம்.

இயேசுவுக்கே இந்த வரிசைதான் இருந்தது. ஒரு அற்புதமும் செய்வதற்கு முன்னே, யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் (மத்தேயு 3:17). அடுத்த அதிகாரத்திலேயே சோதனைக்காரன் வந்து, "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்கிறான். "நேச" என்ற சொல்லைக் கழற்றிவிட்டான், பார்த்தீர்களா? செய்து காட்டி நிரூபி என்பதுதான் அந்தச் சோதனை. நமக்கு வருவதும் அதே சோதனை, அதே வார்த்தைகள்.

லூக்கா 15-ல் வரும் கெட்ட குமாரன் உவமையை மெதுவாக வாசித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தன் பங்குச் சொத்தை வாங்கிப் போய் அழித்துவிட்ட இளைய மகன் பன்றிகளின் நடுவே, வீடு திரும்பித் தகப்பனிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" (15:19). 21-ம் வசனத்தில் தகப்பன் முன் நின்று அதே பேச்சைத் தொடங்குகிறான். அந்தக் கடைசி வரி மட்டும் வரவே இல்லை. அதற்குள் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று தகப்பன் வேலைக்காரரை ஏவிவிட்டார். மூத்தவனோ வீட்டைவிட்டுப் போகாமலே கூலிக்காரனாகிப் போனவன். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று கணக்குப் பேசுகிறான். இளையவன் "தகப்பனே" என்று கூப்பிட்டான். மூத்தவன் வாயில் அந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

ஊழியத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய கண்ணி இந்த மூத்தவனின் இடம்தான். பாடல் நடத்துகிறவர், ஞாயிறுபள்ளி ஆசிரியர், வாலிபர் குழுத் தலைவர் என்ற பொறுப்பு மெல்ல மெல்ல ஆளின் பெயராகவே மாறிவிடும். பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்த அன்றுதான் அது வெளியே தெரியும். சபைக்கு வருவதே நின்றுவிடும். சோதித்துப் பார்க்க நான் சொல்லும் வழி: ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் பொறுப்பை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருங்கள். மனம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பாராட்டு கிடைத்த நாளிலும் இதே சோதனை தேவை. தோல்வி மட்டுமல்ல, புகழும் நமக்குப் பெயர் வைக்கும்.

"கிறிஸ்துவுக்குள் வந்துவிட்டால் பழைய ஆளே இருக்கக்கூடாது" என்று மொழியையும் சுபாவத்தையும் திறமையையும் துடைத்தெறியச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பவுல் தன் பிறப்பின் பெருமையைக் குப்பை என்று எண்ணினார் (பிலிப்பியர் 3:8). அதே பவுல் பிலிப்பியில் ரோமக் குடியுரிமையை எடுத்துச்சொல்லி அதிகாரிகளைக் கேள்வி கேட்டார் (அப்போஸ்தலர் 16:37). அதன்மேல் சாய்ந்து நிற்பதைத்தான் விட்டார். தேவைப்பட்ட இடத்தில் பயன்படுத்தத் தயங்கவில்லை.

அதேபோல, மனச்சோர்வில் கிடப்பவரிடம் "நீ யாரென்று உனக்குத் தெரியவில்லை, அதனால்தான்" என்று வசனத்தைத் தூக்கி வீசாதீர்கள். அது கொடுமை. அவருக்கு மருத்துவரும் ஆலோசகரும் வேண்டும். எபேசியர் முதல் அதிகாரத்தை அவரே எழுத வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வாசியுங்கள், அவர் கேட்கட்டும்.