ஈரக்கால் பரீட்சை

போன ஞாயிற்றுக்கிழமை தங்கையோடு டைல்ஸ் கடைக்குப் போயிருந்தேன். அவள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். பூச்சு வேலை முடிந்து, தரை போடும் கட்டத்துக்கு வந்துவிட்டது. "அக்கா, நீ ஒரு தடவை அடிபட்டவ. நீ கூட இருந்தா நான் ஏமாற மாட்டேன்" என்றாள். பாராட்டா, குத்தலா தெரியவில்லை. ஆனால் சொன்னது உண்மை.

அடிபட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குத் தரை பார்த்தபோது எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் பளபளப்பு. கடையில் ஒரு வெள்ளை டைல்ஸைச் சாய்த்து நிறுத்தி, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். அதில் என் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். பிற்பாடு அப்பா நிஜமாகவே விழுந்தார்.

குடிபோன அன்று வந்தவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது தரையைத்தான். "கண்ணாடி மாதிரி இருக்கே!" என்று ஒருவர் குனிந்து தடவியே பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது மாதம் ஒரு மழை நாள். யாரோ நனைந்த குடையைக் கதவுக்கு உட்புறம் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிலிருந்து வடிந்த தண்ணீர் ஓர் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. வெள்ளைப் பளபளப்பின் மேல் தண்ணீர் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது, அது ஒரு பெரிய கொடுமை. அப்பா அதில் காலை வைத்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வாசலில் ஒரு மிதியடி வந்தது. குளியலறைக்கு முன்னால் ஒன்று. சமையலறையில் நீளமாக ஒன்று. அப்பாவின் கட்டிலருகே அடியில் ரப்பர் வைத்த விரிப்பு, அதிலிருந்து கூடம் வரைக்கும் இன்னொன்று. இப்போது எங்கள் வீட்டுத் தரையில் பாதி வெளியே தெரியாது. பார்த்துப் பார்த்து வாங்கிய அழகைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

ஆகவே என் கட்சி இது. தரையைக் காலால் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் ஈரக்காலால். அழகு வேண்டாம் என்று யார் சொன்னது? காலுக்குப் பிடித்த நாலைந்தைப் பொறுக்கிய பிறகு கண்ணுக்கு வேலை கொடுக்கலாம். நாம் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

அப்பா விழுந்ததை நான் பெரிதுபடுத்துவதாகச் சிலர் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். இது உயரத்திலிருந்து விழுவதையும் சேர்த்த கணக்குதான். ஆனால் இறப்பவர்களில் அதிகம் பேர் 60 வயது தாண்டியவர்கள். வீட்டில் வயதானவர் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தரை இருபது வருடம் கிடக்கப்போகிறது, உங்களுக்கு மட்டும் வயது ஏறாதா?

சரி, கடைக்கு வருவோம். பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் ஒன்றைக் காட்டி, "மேடம், இது ஆன்ட்டி ஸ்கிட், வழுக்காது. ஆர்-9 சர்டிஃபிகேட் இருக்கு" என்றார் விற்பனையாளர். தங்கை உடனே தலையாட்டினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். இந்த ஆர் கணக்கு ஜெர்மானியத் தர அளவு. டைல்ஸ் பதித்த பலகையில் எண்ணெய் ஊற்றி, ஷூ போட்ட ஓர் ஆளை அதன்மேல் நடக்க விட்டு, பலகையின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். எந்தக் கோணத்தில் கால் நழுவுகிறதோ அதை வைத்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை பிரிப்பார்கள். ஆர்-9 என்றால் 6 முதல் 10 டிகிரி வரை தாங்கும் என்று அர்த்தம். அதாவது வரிசையிலேயே கடைசி பெஞ்ச். ஆர்-10 தான் 10 முதல் 19 வரை போகும். இதைவிடக் குளியலறைக்குப் பொருத்தமானது வெறுங்கால் சோதனை. சோப்புத் தண்ணீரில், செருப்பில்லாமல் நடக்கவிட்டு ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். இதில் ஏ தான் கடைசி பெஞ்ச், சி தான் முதல். ஷவருக்கு அடியில் குறைந்தது பி வேண்டும். இந்த இரண்டையும் கேட்டபோது விற்பனையாளர் உள்ளே போய் அட்டவணை கொண்டுவந்தார். கேட்டால்தான் வருகிறது, கேட்காவிட்டால் 'ஆன்ட்டி ஸ்கிட்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

அட்டவணையை நம்பாதவர்களுக்கு என் வழி இருக்கிறது. மாதிரியைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னேன். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, குதிகாலை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தேன். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் நின்ற தம்பதி முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவும் செருப்பைக் கழற்றினார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொரசொரப்பு கூடக்கூட அழுக்கும் நன்றாக உட்காரும். ரொம்ப முரட்டு டைல்ஸைக் கூடத்தில் போட்டால் துடைக்கிற துணி சிக்கும், இடுப்பு ஒடியும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பட்டுப்போல மங்கலான மேட் போதும். வெளிவாசல், குளியலறை, துணி துவைக்கிற இடம், இங்கேதான் முரடு. வீடு முழுக்க ஒரே டைல்ஸ் என்பது கடைக்காரருக்கு வசதி, நமக்கில்லை. அப்புறம், மாப் போடுகிற தண்ணீரில் சோப்பை அள்ளிக் கொட்டிவிட்டு டைல்ஸைத் திட்டக் கூடாது. அலசாமல் விட்டால் அந்தப் படலமே எந்தத் தரையையும் வழுக்க வைக்கும்.

காலின் சுகம் வழுக்குவதோடு முடிந்துவிடாது. காலையில் எழுந்து சலவைக்கல்லில், அதாவது மார்பிளில், கால் வைத்தால் சுரீர் என்கிறது. பக்கத்திலேயே மரத்தரை இருந்தால் அது இதமாக இருக்கிறது. இரண்டும் ஒரே அறையில் கிடப்பதால் வெப்பநிலை ஒன்றுதான். கல் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, மரம் மெதுவாக எடுக்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் கல், மரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகம். வெயில் கொளுத்தும் ஊரில் அந்தச் சுரீர்தான் சுகம், குளிர் அடிக்கும் ஊரில் அதுவே தண்டனை. ஆகவே 'எது நல்ல தரை?' என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எங்கே, யாருக்கு, நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்றுகொண்டு என்று கேட்டால் பேசலாம்.

சலவைக்கல் ஆசை தங்கைக்கும் இருந்தது. அழகில் அதற்கு ஈடில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கால்சைட் என்ற கனிமம், சுண்ணாம்பின் உறவுக்காரன். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் அரிக்கப்பட்டு மங்கிவிடும். அது கறை இல்லை, துடைத்தால் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும். கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் கால்சைட் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செருப்பில் ஒட்டிவரும் மணலே அதற்கு உப்புத்தாள். கிரானைட்டில் அந்தக் குவார்ட்ஸே இருப்பதால் அது அசையாது. அதனால்தான் சமையல் மேடைக்கு கிரானைட் போடுகிறார்கள்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. அசல் மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஒட்டுப்பலகை அடுக்குள்ள எஞ்ஜினியர்டு மரம் அதைவிட அடக்கமானது. லேமினேட் என்பது மரத்தூள் பலகையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டியது. தண்ணீர் தேங்கினால் ஓரம் வீங்கிக்கொள்ளும். எதைப் போட்டாலும் சுவரோரம் விரிவதற்கு இடைவெளி விட வேண்டும், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். இடைவெளி விடாத தரை ஒரு நாள் நடுவில் கூடாரம் அடிக்கும். வினைல் என்ற பிளாஸ்டிக் தரை தண்ணீருக்கு அஞ்சாது, காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கனத்த அலமாரியின் கால் பதிந்துவிடும்.

சிலர் வினைல் விரிப்பையே லினோலியம் என்கிறார்கள். அது வேறு. ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1863-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. பெயிண்ட் டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து ரப்பர் தோல் மாதிரி படிவதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். அந்த எண்ணெயோடு கார்க் தூளைக் கலந்து துணியில் பரப்பினார். பெயிண்ட் டப்பாவின் ஆடையிலிருந்து ஒரு தரை! எனக்குப் பிடித்த கதை, அவ்வளவுதான், தங்கை வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி கண்ணுக்கு வருவோம். கடையில் டைல்ஸ் நின்றுகொண்டிருக்கும், வீட்டில் படுத்திருக்கும். ஒளி விழும் கோணமே வேறு. கடை விளக்கில் இளம் பழுப்பாக இருந்தது வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சளடித்துப் போகும். அதனால் மாதிரியைக் கேட்டு வாங்கி, வீட்டில் தரையோடு போட்டு, காலை, மத்தியானம், ராத்திரி விளக்கு என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். கறுப்புப் பளபளப்பில் தூசி தெரியும், தூய வெள்ளையில் தலைமுடி தெரியும். இரண்டுக்கும் நடுவில், லேசான புள்ளியோ ரேகையோ ஓடும் நிறம் வீட்டுக்காரியின் தோழி. விளம்பரப் படத்தில் அது எடுபடாது, அதனால் யாரும் அதைக் காட்டுவதில்லை.

பெரிய டைல்ஸ் போட்டால் இணைப்புக் கோடு குறைந்து அறை பரந்து தெரியும், உண்மைதான். ஆனால் குளியலறையில் சின்னது நல்லது. தண்ணீர் ஓட வாட்டம் கொடுக்கும்போது சின்னது வளைந்து கொடுக்கும், கோடுகளும் காலுக்குப் பிடி கொடுக்கும். நீளமான டைல்ஸைச் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் பதிக்க வேண்டாம். சூளையில் வெந்த நீள டைல்ஸ் நடுவில் துளி மேடு தட்டியிருக்கும். ஒன்றின் மேடு இன்னொன்றின் ஓரத்தில் வந்து நின்றால் கால் விரல் இடறும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும்.

எவ்வளவு நல்ல டைல்ஸும் பதிக்கிற கையில்தான் இருக்கிறது. சூளையில் கண்ணாடி போல இறுகிய விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவருக்குப் போடும் செராமிக் பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும். குடிக்காததால் கறை பிடிக்காது, சந்தோஷம். அதே காரணத்தால் வெறும் சிமென்ட் பாலும் அதைக் கவ்விப் பிடிக்காது. இதற்கென்று இருக்கும் பசையைப் போட்டு, முதுகு முழுக்கப் பரப்பிப் பதிக்க வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போனால் உள்ளே காலி. எங்கள் வீட்டில் மேஸ்திரி அப்படித்தான் செய்திருக்கிறார். கூடத்து ஓரத்தில் ஒரு நாணயத்தால் தட்டினால் மற்ற இடத்தில் 'டக்' என்றும் அங்கே 'டொப்' என்றும் கேட்கும். அந்த டொப்பின் மேல் கனத்த பாத்திரம் விழுந்த அன்று டைல்ஸ் குறுக்கே கீறியது. மாற்றலாம் என்று தேடினால் அந்த நிறமே வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அதனால் தங்கையிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேடு எண், ஒரே பேட்ச் எண் இருக்கிறதா பார். வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து வாங்கு, அதற்கு மேல் ஒரு பெட்டியைப் பரண்மேல் போட்டு வை. மேஸ்திரி பதித்துவிட்டுக் காசு வாங்க வரும்போது கையில் நாணயத்தோடு நில். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எங்கே போய் நிற்கிறது என்று அவரை வைத்துக்கொண்டே பார்.

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நாலு மாதிரிகளைக் கொண்டுபோய்ப் பூசின கூடத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் போட்டோ அனுப்பினாள். ஒரு வாரமாக ஆட்கள் மிதித்து மிதித்து மூன்று மாதிரிகளில் செருப்புத் தடமும் சிமென்ட் தூசியும் அப்பட்டமாகத் தெரிகின்றன. நாலாவதில் ஒன்றும் தெரியவில்லை. அதன்மேல் வெறுங்காலை ஊன்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.