மழை விட்ட பிறகு அறுங்கள்

மூலிகைகளை எந்த மாதத்திலும் பறித்து உலர்த்தலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பர்மாவில் எங்கள் மோல்மீன் ஊர்ப் பக்கம் அது நடக்காது. மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது, அந்த நாட்களில் நிழலில் உலர்த்தப் போட்ட நிலவேம்பு சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும், அப்புறம் அதைக் கஷாயம் வைக்கவே கூடாது. அதனால் அம்மா மழை தொடங்கும்போது விதை தூவுவார், மழை ஓய்கிற சமயம் செடி பூ எடுக்கத் தொடங்கும், அப்போது தரையிலிருந்து அரைச் சாண் விட்டு அறுப்பார். கசப்பு நன்றாக ஏறியிருப்பது அப்போதுதான். கீழாநெல்லி அப்படி இல்லை, மழையில் தானாக முளைக்கும், பச்சையாகவே அரைத்துவிடலாம்.

வல்லாரை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கே பர்மியர்கள் அதை மியின்குவா என்பார்கள், வெங்காயம், வறுத்த நிலக்கடலை, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள், அவ்வளவு ருசி. ஆனால் சாக்கடை ஓரம் படர்ந்ததைத் தயவுசெய்து பறிக்காதீர்கள். மண்ணில் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை அந்தச் செடி இழுத்து வைத்துக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. வேர் விட்ட ஒரு கணு இருந்தால் போதும், வீட்டுத் தொட்டியிலேயே ஈரமும் பாதி நிழலுமாக வைத்தால் படர்ந்துவிடும்.