டோக்கியோ–லண்டன் பயண நேரம்: ஒரு திருத்தம்

"டோக்கியோவிலிருந்து லண்டன் 9,600 கி.மீ.; மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பதினோரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்" என்ற கணக்கில் தூரம் ஏறத்தாழ சரி, முடிவு தவறு. அந்தத் தூரம் சைபீரியாவின் மேல் செல்லும் மிகக் குறுகிய பாதைக்கு உரியது. அப்பாதை திறந்திருந்த காலத்திலேயே, எதிர்க்காற்றும் ஏறி இறங்கும் நேரமும் சேர்ந்து, 12 மணி நேரத்தை ஒட்டி ஆனது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ஜப்பானிய, பிரிட்டிஷ் விமானங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் செல்வதில்லை; ஆகவே லண்டனுக்குப் புறப்படும் விமானங்களில் பல, வினோதமாகத் தோன்றினாலும், கிழக்கே கிளம்பி, வட பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து எனச் சுற்றிக்கொண்டு போவதால் பயணம் சுமார் 14 மணி நேரமாக நீள்கிறது. திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் மத்திய ஆசியா வழியே, பின்காற்றின் துணையோடு, சற்று விரைவாக வந்து சேர்கின்றன.